குனியாமல் மலை ஏறாதே: புதுக் கார்க்காரர்களுக்குப் பதினான்கு புத்திமதிகள்

போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஏறினாலும் சரி, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக வந்தாலும் சரி, ஜமுனாமரத்தூருக்கு வந்து நிற்கிற புதுக் காரை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். சீட்டில் பாலித்தீன் உறை கிழியாமல் இருக்கும். பானெட்டில் சந்தனப் பொட்டு காய்ந்திருக்கும். ஓட்டி வந்த தம்பி இறங்கியதும் முதல் வேலையாகச் செல்ஃபி எடுப்பான். அடுத்து பீமன் அருவிக்கு வழி கேட்பான். மூன்றாவதாகத்தான், "பெரியவரே, கீழ ஏதோ டக்கு டக்குன்னு சத்தம் வருதே, என்னாங்க அது?" என்பான்.

இந்த ஜவ்வாது மலைப் பாதையில் வேன் ஓட்டித் தலை நரைத்தவன் நான். அந்த மூன்றாவது கேள்வியை முதல் கேள்வியாக்கத்தான் இதை எழுதுகிறேன். யாரும் கேட்காமல் கொடுக்கிற புத்திமதி என்பதால் கட்டணம் கிடையாது. தம்பி என்று நான் சொல்வதில் தங்கையும் சேர்த்தி. சொல்லப்போனால் இந்த விஷயத்தில் தங்கைகள் பரவாயில்லை.

1. குளிர்கால டயர் தேடி அலையாதே.

என் அண்ணன் மகன் கனடாவில், மாண்ட்ரியாலில் இருக்கிறான். அந்தக் கியூபெக் மாகாணச் சட்டப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காரில் குளிர்கால டயர் இருந்தே ஆகவேண்டும். பனிக்கு முன்னால் ஒரு செட் கழற்றி ஒரு செட் மாட்டுவார்கள், பனி போனபின் மறுபடியும் மாற்றுவார்கள். "சித்தப்பா, மார்கழியில நம்ம மலையே நடுங்குதே, நீங்க டயர் மாத்த மாட்டீங்களா?" என்று போனில் கேட்டான். மாற்றுவோமே, வெடித்தால் மாற்றுவோம் என்றேன்.

சங்கதி இதுதான். வெப்பம் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். அதற்காகவே இளகின ரப்பரில் குளிர்கால டயர் செய்கிறார்கள். நம் மார்கழி ஸ்வெட்டர் கேட்கும், மங்கி குல்லா கேட்கும், டயர் கேட்காது. ஆசைப்பட்டு அதை வரவழைத்து மாட்டினாயானால் நம் சித்திரை வெயிலில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடுகிற வெட்டு ரப்பர், சீக்கிரமே காணாமல் போகும். இந்த ஊரில் பருவத்துக்குப் பருவம் வளைய வேண்டியது உன் முதுகுதான். குனிந்து டயரைப் பார். மற்ற பதின்மூன்றும் இந்த ஒன்றின் பிள்ளை குட்டிகள்.

2. எலுமிச்சம்பழத்தை வை. வைத்துவிட்டு உடனே எழுந்துவிடாதே.

புது வண்டி எடுத்தால் நாலு டயருக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம். ஆயுத பூஜைக்கு மறுபடி நாலு. திருஷ்டி கழிகிறதா என்பது அவரவர் நம்பிக்கை, நான் அதில் தலையிட மாட்டேன். ஆனால் ஒருவன் தன் கார் டயரை மூக்குக்கு நேராகப் பார்க்கிற நாட்கள் அவைதான். பழம் வைக்கக் குனிந்தவன் இன்னும் ஒரு நிமிஷம் குனிந்தபடியே இருக்கட்டும். பட்டனில் ஆணி ஏறியிருக்கிறதா, பக்கச் சுவரில் கீறல் இருக்கிறதா, வால்வுக்கு மூடி இருக்கிறதா, எல்லாம் கண்ணில் படும். ஐந்தாவது பழம் ஸ்டெப்னிக்கு யாரும் வைப்பதில்லை. அதன் கோபம் பற்றிப் பின்னால் வருகிறேன்.

3. அமாவாசைக்கு அமாவாசை காற்றுப் பார்.

மாதம் ஒரு தடவை காற்றுப் பார்க்கச் சொன்னால் யாருக்கும் தேதி நினைவிருப்பதில்லை. அமாவாசை மறக்காது. வண்டிக்குக் கற்பூரம் காட்டுகிற அன்றைக்கே காற்றையும் பார்த்துவிடு. காலையில், டயர் சூடாவதற்கு முன்னால் பார்ப்பதுதான் கணக்கு. எத்தனை வைப்பது என்று பங்க் பையனைக் கேட்காதே. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கிற சீட்டில் எழுதியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கிற எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடித்தால் வண்டி ரோட்டில் துள்ளித் துள்ளிப் போகும். பிள்ளைகள் சிரிப்பார்கள், பிடிமானம் போய்விடும்.

காற்றடித்ததும் எங்கள் பஞ்சர் கடைக்காரர் ஒரு காரியம் செய்வார். விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைப்பார். குமிழி வந்தால் கசிவு, வராவிட்டால் மூடியைத் திருகிவிடு என்பார். இதைவிட மலிவான கருவி எந்த நாட்டிலும் கிடையாது. காற்றை அடைப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1946இல் மாம்மன் மாப்பிள்ளை சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு விளையாட்டு பலூன் செய்யத்தான் ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆனது. பலூனானாலும் டயரானாலும் உள்ளே போன காற்று வெளியே வராமலிருப்பதில்தான் மானம் இருக்கிறது.

4. கத்திரி வெயிலில் காற்றைக் குறைக்காதே.

மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும். அன்றைக்கே பங்க் ஓரத்தில் ஒரு மேதை தோன்றுவார். "வெயில்ல காத்து விரியும் தம்பி, நாலு குறைச்சு வை" என்பார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதவோரச் சீட்டில் இருக்கிறபடியே வை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு ஏறும். கீழே தார் ரோட்டின் சூடு, உள்ளே மடிப்பின் சூடு, நடுவில் அகப்பட்ட ரப்பர் எத்தனை நேரம் பொறுக்கும்? கோடையில் வெடிக்கிற டயர்களில் காற்றுக் குறைச்சலால் வெடிப்பவை நிறைய. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும். பயந்துபோய்த் திறந்து விட்டாயானால், டயர் ஆறினதும் காற்றுப் போதாமல் நிற்கும்.

இன்னொன்று. எங்கள் மலையின் கோடை விழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஐந்து பேர் காரில் ஏழு பேர், டிக்கியில் மூன்று பலாப்பழம், சாமை அரிசி ஒரு மூட்டை, புளி, தேன் என்று ஏற்றுகிறீர்கள். கதவோரச் சீட்டில் முழுப் பாரத்துக்கென்று தனியாக ஓர் அளவு போட்டிருக்கும். அதைப் பார்த்துக் காற்று வை. ஏழாவது ஆளுக்குப் பஸ் இருக்கிறது. பலாப்பழத்துக்கு டிக்கெட் உண்டா என்பதைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்.

5. மலை கொடுக்கிற காற்றை நம்பிக் கணக்குப் போடாதே.

படித்த தம்பிகளுக்கு ஒரு சந்தேகம் வரும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அப்படியென்றால் டயரில் கூடுதலாகக் காட்டுமே என்பார்கள். காட்டும். காவலூர் கடல் மட்டத்துக்கு மேலே 725 மீட்டர். கடலோரத்தில் நிரப்பிய டயர் அங்கே சுமார் ஒரு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். ஆனால் மேலே குளிர்ச்சியும் உண்டு. குளிர்ச்சி ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடும். மலை ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் வாங்கிக்கொள்கிறது. நீ நடுவில் புகுந்து கமிஷன் அடிக்க இடமில்லை.

6. பஸ்ஸுக்கு வழி விடு, டயரை விட்டுவிடாதே.

ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வளைவுகளில் எதிரே பஸ் வரும்போது புது ஓட்டுநர் வாயில் வருவது கவிதை இல்லை. பதறிப்போய் இடது பக்கம் ஒடித்து, தாரை விட்டு மண்ணில் இறக்குவான். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி பள்ளம் இருக்கும். பஸ் போனதும் ஒரு முறுக்கு முறுக்கி மேலே ஏற்றுவான். அந்த விளிம்பு கத்தி மாதிரி பக்கச் சுவரைச் சீவிவிடும். பட்டனில் ஏறிய ஆணிக்குப் பஞ்சர் போடலாம். பக்கச் சுவர் அறுந்தால் ஒட்டுப் போடக் கூடாது, டயரே மாற்ற வேண்டியதுதான். ஏற்றுவதாக இருந்தால் பள்ளம் குறைந்த இடம் வரைக்கும் மெல்லப் போய் அங்கே ஏற்று. பின்னால் ஹாரன் அடிப்பவன் உன் டயருக்குக் காசு தரப்போவதில்லை.

அடி வாங்கிய டயரில் சில நாள் கழித்து ஒரு புடைப்பு கிளம்பும். உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அது உன் கண்ணில் படுகிறதா என்பதுதான் கேள்வி. 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதைக் காட்டிக்கொடுத்த பதிவுகளில் நம் காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாக எடுத்ததும் ஒன்று. இப்போது வானியலாளர் வைணு பாப்பு பெயரால் விளங்கும் அந்த வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கிறது. அத்தனை கோடி மைல் தாண்டியிருக்கிற வளையம் இந்த மலைக்காரர்களுக்குத் தெரிந்தது. உன் காலடியில் இருக்கிற வளையத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருப்பது உனக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல? அண்ணாந்து பார்க்கத்தான் தொலைநோக்கி வேண்டும், குனிந்து பார்க்க இரண்டு கண் போதும்.

7. ஆடி மாதத்தில் ஆணியைப் பிடுங்காதே.

அம்மியே பறக்கிற ஆடிக் காற்றில் முள்ளுக்கு என்ன தடை? வேலியில் இருக்க வேண்டிய முள் ரோட்டில் கிடக்கும். மூங்கில் சிம்பு கிடக்கும். மாட்டுக் குளம்பிலிருந்து கழன்ற லாட ஆணி, தலையைக் கீழே வைத்து முனையை மேலே நிமிர்த்தி உனக்காகக் காத்திருக்கும். 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஆணி பிடுங்க ஆள் வைத்துப் பட்ட பாட்டை 2001இலிருந்து பார்த்துச் சிரிக்கிறோம், பாடம் மட்டும் படிக்கவில்லை. ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் ஆணியே அடைப்பாக நின்று காற்றை மெதுவாகத்தான் விடும். அதைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டாயானால் நின்ற இடத்திலேயே டயர் உட்காரும். ஆணியை அதன் இடத்தில் விட்டுவிட்டு, காற்று இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மெதுவாகப் பஞ்சர் கடைக்கு ஓட்டு. பிடுங்குவது அவர் தொழில்.

8. ஐப்பசியில் மொட்டை டயரோடு வராதே.

மோட்டார் வாகன விதிப்படி கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அளக்க ஸ்கேல் வேண்டாம். பட்டன் பள்ளத்துக்குள்ளே குறுக்காகச் சின்னச் சின்ன மேடு வைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று காட்டப் பக்கச் சுவரின் தோளில் ஒரு முக்கோணக் குறி இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. "இன்னும் ஒரு மழை தாங்கும்" என்று சொல்கிறவன் எந்த மழை என்று சொல்வதில்லை.

அந்தப் பள்ளங்கள் அழகுக்கு வெட்டியவை என்று நினைக்காதே. டயருக்கும் ரோட்டுக்கும் இடையில் அகப்படுகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற வாய்க்கால்கள் அவை. வாய்க்கால் தூர்ந்தால் வண்டி தண்ணீர்மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் உன் பேச்சைக் கேட்காது. முதல் மழையின் முதல் பத்து நிமிஷம் இன்னும் மோசம். பல நாள் படிந்த எண்ணெயும் புழுதியும் அப்போதுதான் ஊறி வழுக்கும். மலையிலிருந்து செம்மண்ணும் சரளையும் இறங்கி வளைவில் பரப்பி வைத்திருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு டீக்கடையில் கழி. டீக்கு ஆகிற காசு டயர் விலையைவிடக் குறைவு.

9. ரோட்டில் காயப்போட்டிருந்தால் கதிரடித்துவிட்டுப் போ. பார்த்துப் போ.

அறுவடை முடிந்ததும் மலையிலும் அடிவாரத்திலும் கொள்ளும் கேழ்வரகும் சாமையும் ரோட்டுக்கு வந்துவிடும். களம் இல்லாதவர்கள் தாளோடு பரப்பி வைப்பார்கள், உன் டயர் கூலியில்லாமல் கதிரடிக்கும். கோபித்துக்கொள்ளாதே, நீ சாப்பிடப் போகிற சாமை உப்புமா அங்கே இருந்துதான் வருகிறது. ஆனால் அதன் மேல் பிரேக் அடிக்காதே. கொள்ளு மணி டயருக்கு அடியில் உருளும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும். வேகத்தை முன்னாலேயே குறைத்து நேராகத் தாண்டு. தாண்டினதும் ஓரமாக நிறுத்தி, வழக்கம்போலக் குனி. காய்ந்த தாள் அடியில் சுற்றிக்கொண்டிருந்தால் உருவிப் போடு. சைலன்சர் சூட்டில் அது பற்றிக்கொண்டால் கதிரடித்த புண்ணியம் உன் காரைக் காப்பாற்றாது.

10. நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் மூச்சை இழுத்து விடு.

நீ இப்போது இழுத்ததில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அவ்வளவும் இலவசம். சுத்த நைட்ரஜன் அடித்தால் காற்று இறங்குவது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். அதை அடித்துவிட்டோம் என்று ஆறு மாதம் டயர் பக்கம் போகாமலிருப்பவனைவிட, சாதாரணக் காற்றை அமாவாசைக்கு அமாவாசை பார்க்கிறவன் டயர் நன்றாக இருக்கும். டயர் பாலிஷும் அப்படித்தான். பக்கச் சுவர் கறுப்பாகப் பளபளக்கிறது, பார்க்க லட்சணம். பட்டனிலும் தடவினாய் என்றால் முதல் வளைவிலேயே வழுக்கும்.

11. டயருக்கும் ஜாதகம் பார்.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பார்க்கிறோம், பழைய கார் வாங்கும்போது டயருக்குப் பார்ப்பதில்லை. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்குகிற வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பார். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் பிறந்தது. ஓடாமல் ஷெட்டிலேயே நின்றாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். ஐந்து வயது தாண்டினால் ஆண்டுக்கு ஒரு தடவை விவரம் தெரிந்தவரிடம் காட்டு. பத்து வயது ஆகிவிட்டால் பட்டன் புதிதாகவே இருந்தாலும் மாற்றிவிடு. விற்கிறவர், "டயர்லாம் புதுசு மாதிரி சார்" என்றால் அந்த 'மாதிரி' எத்தனை வருஷம் என்று அந்த நாலு எண் சொல்லிவிடும்.

12. ஏறின கியரிலேயே இறங்கு.

மலைப் பாதையின் மூத்த சட்டம் இது. நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால், அவர் மிச்சம் பிடித்த பணத்தில் எத்தனை பிரேக் பேட் வாங்கினார் என்று கேள். கியரில் இறங்கினால் வண்டியை என்ஜினே பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பிரேக் காய்ந்து, அந்தச் சூடு சக்கரத்துக்கும் டயருக்கும் ஏறும். வளைவுக்கு வளைவு அழுத்திப் பிடித்து முன் டயர் இரண்டும் வெளி ஓரம் தேய்ந்துபோகும். அப்படித் தேய்ந்திருந்தால் ஒரு அலைன்மென்ட் பார்த்துவிடு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போடு. நாலும் சமமாகத் தேய்ந்தால் நாலையும் ஒன்றாக மாற்றலாம், கடைக்காரரிடம் பேரம் பேச வசதி.

13. ஸ்டெப்னியைக் கும்பிடு, கல்லை எடுத்துப் போடு.

நாலு டயருக்கும் காற்றுப் பார்க்கிறவர்கள் டிக்கியைத் திறப்பதில்லை. நடு வளைவில், டவரும் கிடைக்காத இடத்தில், மச்சினன் முன்னிலையில் ஸ்டெப்னியை இறக்கினால் அது 'பொத்' என்று சப்பையாக விழும். எலுமிச்சம்பழம் வைக்காத கோபம் அதுதான். அதற்கும் காற்றுப் பார். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று வீட்டு வாசலிலேயே பார். அங்கேயே ஒரு தடவை ஒரு நட்டைத் தளர்த்தி, மறுபடி இறுக்கிப் பழகிக்கொள்.

சரிவில் சக்கரம் கழற்றும்போது வண்டி உருளாமல் கல்லை முட்டுக் கொடுப்பாய். கொடுக்கத்தான் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கல்லை எடுத்துப் பள்ளத்துப் பக்கம் போட்டுவிட்டுக் கிளம்பு. ரோட்டின் நடுவே கிடக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்த ஒருவன் இருக்கிறான். இருட்டில் அதில் மோதப் போகிறவன் அவனை எந்த வார்த்தையால் வாழ்த்துவான் என்பதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

கழித்துப் போட்ட டயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் திறந்த வெளியில் கிடந்தால் அதற்குள் தேங்குகிற தண்ணீரில் டெங்குக் கொசு குடும்பம் நடத்தும். போகிக்குக் கொளுத்தினால் அதன் புகை ஊரையே இரும வைக்கும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே தடுமாறின. பழைய டயரைப் பலாமரத்தில் ஊஞ்சலாகக் கட்டு. அடியில் ஒரு துளை போட்டுவிடு, தண்ணீர் நிற்காது.

14. பெரியவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பாதே.

டீக்கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் டயரைப் பற்றி நாலு கருத்து இருக்கும். நான் நாலாவது ஆளாகப் போய் உட்கார்ந்தால் ஏழாகும். வாதாடிக்கொண்டு நிற்காதே. கதவோரச் சீட்டு, காற்றுமானி, உன் இரண்டு முழங்கால், இவை பொய் சொல்வதில்லை. கூடவே ஒரு மனிதர் வேண்டுமென்றால் பஞ்சர் கடைக்காரரைக் கேள். நீ அவர் பேச்சைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவருக்குப் பிழைப்பு உண்டு, அதனால் உண்மையைத்தான் சொல்வார். முழங்கால் வலிக்கிறது, குனிய முடியவில்லை என்கிறாயா? மூன்று வயதுப் பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துக்கொண்டு போய் வண்டியைச் சுற்றி வரச் சொல். அதற்குக் குனியவே வேண்டாம், டயர் அதன் கண் உயரத்தில்தான் இருக்கிறது. ஆணியைப் பார்த்தால் சத்தமாகவும் சொல்லும்.